பூட்டு எங்கள் பக்கம் இல்லை

பிப்ரவரி 4, இரவு

அக்கா,

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று அம்மாவுக்கு வார விடுப்பு. முன்னறையில் தூங்குகிறாள். பேனா சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைக் கொஞ்சம் திறந்து விட்டிருக்கிறேன். பேனாவுக்கு ஏதடி சத்தம் என்று சிரிப்பாய். பயந்தவளுக்கு எல்லாம் கேட்கும்.

உன் விலாசத்தைக் கொடுத்தது கீழே தையற்கடை அத்தை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதும் அவர்தான். நீ பதிலை அவர் கடைக்கே அனுப்பு. இங்கே உன் பேச்சை எடுக்கக் கூடாது. "ஊர்ப் பிள்ளைங்களப் பாத்துக்கப் படிக்கப் போயிட்டா. வீட்டுப் பிள்ளைங்க அவ கண்ணுக்குத் தெரியல" என்று அம்மா இன்னும் பாத்திரத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சின்னதுக்குக் கையில் சூடான பால் கொட்டிவிட்டது.

நீ இருந்தவரை அம்மா இரவு வேலைக்குப் போனால் நீ எங்களுடன் இருந்தாய். இப்போது நான் மட்டும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அம்மா பகல் வேலை கேட்டுப் பார்த்துவிட்டாள். பழைய ஆட்களுக்குத்தான் பகலாம். நீ போன புதிதில் ஒரு நாள் நான் அசந்து தூங்கிவிட்டேன். சின்னது நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, தாழ்ப்பாளைத் திறந்து, படியிறங்கிப் போய்விட்டாள். அம்மா விடியலில் திரும்பி வந்தபோது கடை வாசலில் பொம்மையோடு உட்கார்ந்திருந்தாளாம். அதற்குப் பிறகுதான் அம்மா வெளியே பூட்டிக்கொண்டு போகிறாள். அம்மாவைத் தப்பாக நினைக்காதே. நான் தூங்கியதால் வந்த பூட்டு அது.

பால் பாத்திரத்தை அடுப்பு மேடையின் விளிம்பில் வைத்ததும் நான்தான். மறுநாள் வரலாற்றுத் தேர்வு. புத்தகத்தில் கண். சின்னது எட்டி இழுத்துவிட்டாள். தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவு பூட்டியிருந்தது. அம்மா வேலை செய்கிற இடத்தில் போனை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்வார்கள். எங்களிடம் போனே இல்லை. அவள் அழுது ஓய்ந்து தூங்கினாள். நான் தூங்கவில்லை.

காலையில் ஆஸ்பத்திரியில் நர்ஸ், "சூடு பட்டு இவ்வளவு நேரமாச்சே, ஏன் கூட்டிட்டு வரல?" என்று கேட்டார். அம்மா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். அடுத்த வாரம் குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஒரு மேடம் வீட்டுக்கு வருகிறாராம்.

நீ படிப்பது இந்த வேலையைத்தானே? என்ன கேட்பார்கள், எதைப் பார்ப்பார்கள், என்ன சொன்னால் போய்விடுவார்கள் என்று எழுது. அம்மா, "நான் வீட்லதான் இருந்தேன்னு சொல்லிடுவோம்" என்கிறாள். அது போதுமா? சின்னதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா?

பதில் போடு. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

வாலு


பிப்ரவரி 7

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தைப் பயிற்சி அலுவலகத்தின் மாடிப்படியில் நின்றுகொண்டே படித்தேன். அடுத்து ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. போனேன். ஒரு பெரியவரிடம் அவருடைய தேவைகளைக் கேட்டு எழுதினேன். என்ன எழுதினேன் என்று இப்போது நினைவில்லை.

உண்மையைச் சொல் என்றுதான் நான் உனக்கு எழுத வேண்டும். இரண்டு முறை அப்படி எழுதிக் கிழித்தேன். வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தருவது இதுதான்: முதலில் அந்தக் குடும்பத்துக்கு என்ன வேண்டும் என்று அவர்களோடு உட்கார்ந்து கண்டுபிடி, திட்டம் போடு, உதவி இருக்கும் இடத்தோடு சேர்த்து வை, அது போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் போய்ப் பார், கடைசியாகத்தான் கேஸை மூடு. தாளில் அழகாக இருக்கிறது. ஆனால் பிரித்து வைக்கப்பட்ட அக்கா தங்கை இரண்டு பேரை இங்கே பார்த்தேன், வாலு. அதற்குப் பிறகு அந்தத் தாள் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் நீ கேட்டதைச் சொல்கிறேன்.

அம்மா வீட்டில் இருந்ததாகச் சொல்லாதீர்கள். சலவைக்கூடத்தில் கேட்டால் அன்று வேலையில் இருந்தது தெரிந்துவிடும். அம்மா இரவு வேலைக்குப் போகிறாள், தையல் அத்தை மேலே வந்து படுத்துக்கொள்கிறார், அன்றும் அவர் இருந்தார், பால் கை தவறிக் கொட்டியது, இப்படிச் சொல்லுங்கள். பூட்டை அலமாரிக்குள் வையுங்கள்.

வீட்டை அளவுக்கு மீறித் துடைக்காதே. துடைத்த வீட்டைப் பார்த்தால் சந்தேகம் வரும். நாற்காலியில் ஒரு பாவாடை கிடக்கட்டும். ஒரு சின்னக் குறையை நீயே சொல். கணக்குப் பாடம் வரவில்லை என்று சொல், அது உண்மையும்கூட. பதில் சொல்லும் முன் அம்மா முகத்தைப் பார்க்காதே. அவர்கள் அதைத்தான் கவனிப்பார்கள். அம்மாவுக்குப் படபடப்பு வந்தால் உளறிவிடுவாள். அவள் வாய் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டு பேசு. கடைசியில் ஏதாவது உதவி வேண்டுமா என்பார்கள். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்.

இதைப் படித்ததும் கிழித்துவிடு. சின்னதுக்கு முத்தம். கட்டு நனையாமல் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 13, இரவு

அக்கா,

ஜெயித்துவிட்டோம். சந்தோஷமாக எழுத வேண்டும் என்று மூன்று நாளாகக் காத்திருந்தேன். வரவில்லை. அதனால் சும்மா எழுதுகிறேன். அம்மா வேலைக்குப் போய்விட்டாள். பூட்டு விழுந்த சத்தம் கேட்ட பிறகு விளக்கைப் போட்டேன்.

அந்த மேடம் நான் நினைத்த மாதிரி இல்லை. செருப்பின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தார். மாடியேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே சின்னதிடம், "உன் பொம்மைக்கு என்ன பேரு?" என்று கேட்டார். சின்னது, "அதுக்குப் பேரெல்லாம் கிடையாது, அது தூங்குது" என்றாள். மேடம் உடனே குரலைத் தாழ்த்தி, "அப்ப மெதுவாப் பேசுவோம்" என்றார். அதன் பிறகு கடைசிவரை மெதுவாகவே பேசினார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதுதான் தொல்லை.

நீ எழுதியிருந்ததை ஒட்டியே கேட்டார். பாவாடை நாற்காலியில் கிடந்தது. கணக்கு வராது என்றேன், அவருக்கும் வராதாம். கடைசிக் கேள்விவரை அம்மா முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கீழே போனவர் கடையில் நின்று, "மேல் வீட்டுப் பிள்ளைங்களுக்கு ராத்திரி நீங்கதான் துணையாமே?" என்று கேட்டார். நான் படியில் நின்றிருந்தேன். அத்தையிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அத்தை வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி ரவிக்கை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, "ம்" என்றார். அவ்வளவுதான். மேடம் போனதும் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டு, "எதுலடி என்னை மாட்டி விட்ட?" என்றார். நான் ஓடிவந்துவிட்டேன்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. மேடம் கீழே இறங்கும் முன் அம்மாவிடம், "ராத்திரி வேலை பாக்குற அம்மாமாருக்கு எங்க ஆபீஸ்ல இருந்து ஒரு கடிதம் தருவோம்மா. சின்னப் பிள்ளை இருக்கு, பகல் வேலைக்கு மாத்துங்கன்னு. நாங்க எழுதினா பெரும்பாலும் கேப்பாங்க. உங்களுக்கு வேணுமா?" என்றார்.

அம்மா வாயைத் திறந்தாள். நான் பார்த்தேன், அக்கா. அவளுக்கு அது வேண்டும். முகமே மாறியது. ஆனால் நீ முந்திக்கொள்ளச் சொல்லியிருந்தாய். "எங்களுக்கு ஒரு குறையும் இல்ல மேடம், அத்தை இருக்காங்களே" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். நன்றாகச் சிரித்தேன். மேடமும் சிரித்து, "அப்ப சரி, கேஸை மூடிடலாம்" என்றார்.

அவர் போன பிறகு அம்மா என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்றாள். எனக்குப் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்தாள். சின்னதுக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கடிதம் என்ற ஒன்று இருப்பது உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் அப்படி எழுதினாயா?

வாலு


பிப்ரவரி 20

வாலு,

தெரியும்.

இப்படி ஒரு வரியோடு நிறுத்திவிட்டு இரண்டு நாள் இந்தத் தாளைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். தெரியும், ஆனால் அந்த நேரத்தில் அது என் தலையில் இல்லை. நீங்கள் அகப்பட்டுக்கொள்ளக் கூடாது என்பது மட்டும்தான் இருந்தது. உதவி செய்ய வந்தவரைத் துரத்துவது எப்படி என்று, உதவி செய்யப் படிக்கிற நான் உனக்கு எழுதித் தந்திருக்கிறேன்.

எங்கள் பயிற்சி மேற்பார்வையாளரை நாங்கள் கறார் மேடம் என்போம். திங்களன்று வகுப்பில் சொன்னார்: "கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதில் வந்தா சந்தோஷப்படாதீங்க. பயப்படுங்க. அந்த வீட்ல யாரோ பாடம் எடுத்திருக்காங்க." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவள், "எடுத்த டீச்சர் யாரு மேடம்?" என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு. நான் கைப்பையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டைவிட்டு வந்ததற்கு அம்மாவோடு போட்ட சண்டைதான் காரணம் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அது முழுசாகச் சரியில்லை. எனக்கு அந்த இரவுகள் அலுத்துவிட்டன, வாலு. சின்னதின் இருமலுக்குக் காது கொடுத்துக்கொண்டு, தூங்காமல் தூங்கி, காலையில் கண் எரிய வகுப்புக்குப் போவது. அதிலிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் சண்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். நான் இறக்கி வைத்ததை நீ தூக்கிக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்தும், பாடம் மட்டும் எழுதி அனுப்பினேன்.

மூடிய கேஸைத் திறக்க முடியும். நீ அந்த மேடத்துக்கு உண்மையை எழுது. அல்லது நான் சொல்கிறேன். அவசரப்படவில்லை. உன் பதில் வந்த பிறகுதான் எதுவும் செய்வேன்.

அக்கா


பிப்ரவரி 25, இரவு

அக்கா,

சொன்னாயென்றால் நீ எனக்கு அக்கா இல்லை.

உனக்கென்ன, நீ அங்கே. சின்னதைக் கொண்டுபோனால் நீ பார்க்கப் போகிறாயா, நான் பார்க்க வேண்டும். அம்மாவிடம் யார் சொல்வது? பொய் சொல்லச் சொன்னதும் நீ, இப்போது உண்மை சொல்லச் சொல்வதும் நீ. உனக்குக் குற்ற உணர்ச்சி வந்தால் நீ வைத்துக்கொள். என்னிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

பூட்டு ஒன்றும் பெரிய விஷயமில்லை. எனக்குப் பழகிவிட்டது. நேற்று மட்டும் கொஞ்சம் பயந்துவிட்டேன். கீழே அத்தை இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு மருந்து வாங்கப் போய்விட்டார். கருகிய வாடை தரை வழியாக மேலே வந்தது. பிறகு புகையும் வந்தது. நான் கதவை இழுத்தேன். திறக்காது என்று தெரிந்தும் இழுத்தேன். சின்னது, "அக்கா, நான் இழுக்கவா?" என்றாள். ஜன்னலில் நின்று கத்தினேன். கம்பி வழியாகச் சின்னதின் தலை நுழையுமா என்று பார்த்தேன். நுழையாது. எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்து கடைக் கதவைத் திறந்தார். ஒரு பேன்ட் மட்டும்தான் போச்சு. அத்தை அந்தப் பேன்ட்டுக்காரரிடம் வாங்கிய வசவைக் கேட்டிருந்தால் நீ சிரித்திருப்பாய்.

ஒன்றுமில்லை என்றுதான் சொல்கிறேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ யாரிடமும் சொல்லாதே.

வாலு


மார்ச் 1

வாலு,

சொல்லிவிட்டேன்.

உன் பதிலுக்குப் பிறகு செய்வேன் என்று வாக்குக் கொடுத்தேன். உன் பதில் வேண்டாம் என்றுதான் இருந்தது. ஆனால் சின்னதின் தலை கம்பிக்குள் நுழையுமா என்று நீ பார்த்ததாக எழுதியிருந்த வரியைப் படித்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. உன்னைக் கேட்டுவிட்டு உன் பேச்சை மீறினேன். அதற்கு நீ என்னை என்ன சொன்னாலும் சரி.

கறார் மேடத்தின் அறைக்குப் போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதித் தந்த பதில்கள், பாவாடை, பூட்டு, எல்லாம். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்தார். பிறகு, "சொந்த வீட்டுக் கேஸை யாரும் எடுக்கக் கூடாதுன்னு ஏன் சொல்றோம்னு இப்பப் புரியுதா?" என்று மட்டும் கேட்டார். என்னைக் களப்பயிற்சியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இந்தப் பருவம் போச்சு. திரும்ப எடுப்பார்களா என்பது குழு கூடிய பிறகுதான் தெரியும். அதைப் பற்றி நீ கவலைப்படாதே. பட வேண்டிய இடத்தில் நான்தான் படுகிறேன்.

உங்கள் கேஸைத் திறந்திருக்கிறார்கள். வரப்போவது அதே ஊக்குச் செருப்பு மேடம்தான். என்றைக்கு என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். சின்னதைப் பிரிக்க மாட்டார்கள் என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது. கொடுத்தால் அது இன்னொரு பொய். இந்த முறை உனக்குப் பதில் எதுவும் எழுதித் தரவில்லை.

அக்கா


மார்ச் 12, இரவு

அக்கா என்று எழுதலாமா என்று யோசித்தேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் மேல் இருந்த கோபத்தில் பாடப் புத்தகத்தில் இருந்த ஒரு ராணிக்கு மீசை வரைந்தேன். அத்தனை கோபம். அதைவிடப் பெரிய பயம். தினமும் பள்ளி விட்டதும் ஓடிவந்து படியில் ஊக்குச் செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா பூட்டிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். சின்னது ஓடினாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கில் அந்தச் செருப்பு தெரிந்தது. ஊக்கை எடுத்துவிட்டு வாரைத் தைத்திருந்தார்.

"பாப்பா, நான்தான். உள்ள இருக்கியா?"

பூட்டு அவர் பக்கம்தான் தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் கேட்கிறார். அப்போதும் என் வாயில் பதில் தயாராக இருந்தது. அத்தை சாமான் வாங்க வெளியே போனவர் பூட்டிக்கொண்டு போனார், இப்போது வந்துவிடுவார், இப்படி. நீ சொல்லித் தராமலேயே வந்தது. எனக்கு அது நன்றாகப் பழகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

மேடம் திரும்பத் தட்டவில்லை. படியில் உட்கார்ந்தார். மெதுவாக, "பொம்மை தூங்குதா?" என்றார்.

சின்னது என் கையை விலக்கிவிட்டு, "முழிச்சிருக்கு" என்றாள்.

"துணைக்கு யாரு இருக்கா?"

சின்னது என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்கிறேனோ அதையே சொல்லக் காத்திருந்தாள். நான்கு வயதுகூட ஆகவில்லை, பதில் சொல்லும் முன் என் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். அம்மா முகத்தை நான் பார்க்கக் கூடாது என்று நீ எழுதியிருந்தாயே, அது நினைவுக்கு வந்தது.

"யாருமில்ல மேடம்," என்றேன். "நான் மட்டும்தான். எப்பவுமே நான் மட்டும்தான். பால் பாத்திரத்த விளிம்புல வச்சதும் நான்தான். அம்மா மேல தப்பில்ல. கடிதம் வேணும்னு அம்மா சொல்ல வந்தாங்க, நான்தான் விடல."

இதையெல்லாம் கதவோடு நெற்றியை ஒட்டிக்கொண்டு சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து அவரும் கதவில் கையை வைத்த மாதிரி இருந்தது. நிச்சயமாகத் தெரியாது.

அவர் சலவைக்கூடத்துக்குப் போன் செய்து அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வரும்வரை படியிலேயே உட்கார்ந்து எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். தையல் அத்தையும் கத்தரிக்கோலோடு மேலே வந்து, "அன்னிக்கு ஊசி வாயில இருந்துச்சு, அதான் ம்-னேன். இல்லாட்டியும் அதான் சொல்லிருப்பேன், பொய்யெதுக்கு" என்றார். அம்மா நனைந்த மேலங்கியோடு ஓடி வந்தாள். அத்தைதான் சாவியை வாங்கித் திறந்தார்.

அம்மா மேடத்திடம் கேட்டது ஒன்றே ஒன்று: "கொண்டு போயிடுவீங்களா?"

மேடம், "இன்னிக்கு இல்லம்மா. உக்காருங்க, பேசுவோம். போன தடவ உங்ககிட்டக் கேட்டுட்டு, பதிலை உங்க பொண்ணுகிட்ட வாங்கிட்டுப் போயிட்டேன். அது என் தப்பு" என்றார்.

பேசினார்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள். ஆனால் அம்மாவிடம் கேட்டதற்கு அம்மாதான் பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்கும் நெடுநேரம் ஆனது. மேடம் காத்திருந்தார். எனக்குத்தான் வாய் துறுதுறு என்றது. கடிதம் சலவைக்கூடத்துக்குப் போயிருக்கிறது. பதில் வரவில்லை. அதுவரை அத்தை நிஜமாகவே மேலே வந்து படுத்துக்கொள்கிறார். நாம் சொன்ன பொய்யை அவர் இப்போது குறட்டையோடு உண்மையாக்கிக்கொண்டிருக்கிறார். மேடம் அடுத்த மாதம் வந்து பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு முடிவாம். அதனால் பயம் போகவில்லை.

அம்மா என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு போடுகிறாள், தலை பின்னிவிடுகிறாள், பேசுவதில்லை. கெட்டிக்காரி என்று சொன்ன வாய். வேலைக்குக் கிளம்பும்போது இன்னும் பழக்கத்தில் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வெளியே போகிறாள். பிறகு நின்று, அதை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்குகிறாள். அந்த ஒரு கணம் அவள் முதுகைப் பார்க்க முடியவில்லை.

இன்று மட்டும் பேசினாள். சீப்பை வாயில் கடித்துக்கொண்டு என் பின்னலை இறுக்கினவள், அதை எடுத்துவிட்டு, "கடுதாசி போடறவள நேரா வீட்டுக்கே போடச் சொல்லு. தையற்கடைக்கு எதுக்கு?" என்றாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உன் பருவம் போனது என்னால்தான். அதற்கு என்ன எழுத வேண்டும் என்று தெரியவில்லை.

இதை முன்னறையிலேயே, விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அத்தை குறட்டை விடுகிறார். சின்னது அவர் கை மேல் காலைப் போட்டுத் தூங்குகிறாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நடுவில் எழுந்து போய்க் கதவை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். திறந்தது. படியில் யாரும் இல்லை. மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இப்போது இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வாலு